ஐந்தாவது ஒயர்

லாரிக்கு நல்ல எர்த் எங்கே எடுப்பது என்று எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்காம். கேட்டு வந்தவர் செல்வம். பைபாஸ் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். ஒரு பழைய டிரைலர் லாரியின் ஒயரிங்கை முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தும் பின் லைட்டு மட்டும் மினுக் மினுக்கென்கிறது என்று மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஆயுசு பூரா லாரி ஒயரிங் பார்த்த ஆளு நீங்க. எந்த இடத்துல எர்த் எடுத்தா நம்பலாம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம ஆளுகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதுமே வாய் முந்தும். அவர் போன பிறகு பேனாவை எடுத்து உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. எர்த்தைப் பற்றி எழுதினால் எங்கள் டிரைலரைப் பற்றி எழுத வேண்டும். டிரைலரைப் பற்றி எழுதினால் டிரைவர் வேலுச்சாமியைப் பற்றி எழுத வேண்டும். அந்த மனிதர் விஷயமாக நான் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

நான் தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேட்டரிக் கடையில் மூன்று வருடம் ஆசிட் ஊற்றினேன், டைனமோ காயில் சுற்றும் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு லாரி சர்வீஸின் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தேன். தோல், புகையிலை, பஞ்சுப் பொதி, சிறுமலை வாழைத்தார் என்று எது கிடைத்தாலும் ஏற்றுகிற சர்வீஸ். என் பெயர் சுப்பையா. அங்கே எல்லோருக்கும் நான் 'கரண்டு சுப்பையா'.

ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோர்மேன் ராயப்பண்ணன். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை; ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அப்படியே நிற்பார். நாமாக உளறிக்கொட்டி முடிக்கிறவரை நகர மாட்டார். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஹெட்லைட் பல்பு எப்போதும் இருக்கும். அதன் அடியில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து முனையில் கிளிப் மாட்டியிருப்பார். அதுதான் அவருடைய மீட்டர், ஸ்டெதஸ்கோப் எல்லாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரே ஒரு ஒயர்தான் போகும். போன கரண்டு பேட்டரிக்குத் திரும்புவது லாரியின் இரும்புச் சட்டம் வழியாக. லைட்டிலிருந்து அந்தச் சட்டத்தில் கரண்டு இறங்குகிற இடத்தைத்தான் நாங்கள் எர்த் என்போம். அந்த இடம் கெட்டால் ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் புதிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

"போறதை எல்லாரும் பார்க்குறீக. திரும்பி வர்றதை எவன் பார்க்குறது? அதுவும் வீடு வந்து சேரணும்ல?" என்பார் ராயப்பண்ணன்.

செல்வம் கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மட்கார்டில் எர்த் எடுக்காதீர்கள்; ரிவிட் அடித்த தகடு, ஆறு மாதத்தில் இடுக்கில் துரு ஏறிவிடும். பானட் கீலில் வேண்டாம், டீசல் டாங்கைக் கட்டியிருக்கும் பட்டையில் வேண்டாம். பாடி கட்டிய ஆசாரி மரத்தில் இறக்கிய போல்ட்டில் வேண்டவே வேண்டாம். பார்க்க இரும்பு, உள்ளே அது மரத்தோடுதான் நிற்கிறது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதிலிருந்து சட்டத்துக்குத் தனியாகச் செம்புப் பட்டை போட வேண்டும். மற்ற லைட்டுகளுக்குச் சேஸிஸ் சட்டத்திலேயே, குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்துக்குப் பக்கமாகத் தனி ஓட்டை போடுங்கள். பச்சைத் தோல் ஏற்றுகிற வண்டி என்றால் உப்புத் தண்ணீர் சொட்டும், ஆகவே சட்டத்தின் உள்பக்கம் போடுங்கள். வெள்ளை இரும்பு தெரியும்வரை பெயிண்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலாகக் கிரீஸ் பூசலாம். முறுக்குவதற்கு முன்னால் இடுக்கில் பூசினால் அந்த இடம் போச்சு.

பிறகு சோதனை. சின்ன பல்பை வைத்துப் பார்த்து ஏமாறக் கூடாது. நூல் அளவு தொடுப்பு இருந்தாலே சின்ன பல்பு எரிந்துவிடும். ராயப்பண்ணன் ஹெட்லைட் பல்பை மாட்டுவார். அது பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே மரச்சுத்தியால் சட்டத்தை நாலு தட்டுத் தட்டி, ஒயரைப் பிடித்து ஆட்டுவார். "செத்த நேரம் ஆட்டிப் பாருப்பா. வண்டி என்ன கோயில் கல்லா, நின்ன இடத்துலயே நிக்க?" என்பார். பல்பு ஒரு தடவை கண் சிமிட்டினாலும் முழுக்கக் கழற்றி மறுபடி போட வேண்டும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு வழக்கம் இருந்தது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கறுப்பு அடித்த ஒரு பலகை தொங்கும், பக்கத்தில் சாக்பீஸ் டப்பா. நாம் வேலை பார்த்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால், வேலை பார்த்தவன் தன் கையாலேயே அந்தப் பலகையில் மூன்று வரி எழுத வேண்டும். வண்டி இன்னது, தப்பு இன்னது, செய்தவன் இன்னார். அடுத்தவன் பெயரை யாரும் எழுதக் கூடாது. ஃபோர்மேன்கூட எழுத மாட்டார். திட்டு கிடையாது, சம்பளத்தில் பிடிப்பது கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ராயப்பண்ணனே ஈரமாக்கிய வேஸ்ட் பஞ்சால் துடைத்துவிடுவார். அதோடு அந்தத் தப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ராயப்பண்ணன் பெயரே இரண்டு மூன்று முறை அதில் ஏறியிருக்கிறது. 'பெல்ட் அதிகமாக முறுக்கப்பட்டது. செய்தவன்: ராயப்பன்' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார்.

முதல் இரண்டு வருடம் என் பெயர் இல்லாத வாரம் இல்லை. பிறகு குறைந்தது. அப்புறம் முழுதாக இரண்டு வருடம் என் பெயர் ஏறவே இல்லை. தலையில் கொம்பு முளைக்க அது போதாதா!

அறுபதுகளின் ஆரம்பத்தில் முதலாளி ஒரு டிரைலர் வாங்கினார். முன்வண்டி தனி, பின்னால் நீளமான டிரைலர் தனி. முன்வண்டியின் முதுகில் டர்ன்டேபிள் என்று ஒரு கனத்த வட்டத் தகடு இருக்கும். டிரைலர் அதன்மேல் வந்து உட்கார்ந்து, நடுவில் ஓர் ஆணியில் பூட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் அப்போது அது அதிசயம். வாங்கிய டிரைலர் பழையது, ஒயரிங் எலி கடித்துக் குதறிக் கிடந்தது. புதிதாகப் போடும் வேலை எனக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ராயப்பண்ணனுக்கு மஞ்சள் காமாலை. வீட்டில் படுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். "சுப்பையா, டிரைலருக்கு அஞ்சு ஒயர். டெயில் லைட்டு, பிரேக் லைட்டு, இடது, வலது, நாலாச்சா? அஞ்சாவது திரும்பி வர்றதுக்கு. டிரைலர் எர்த்தை முன்வண்டிச் சட்டத்துக்கு ஒயர் போட்டே கொண்டுவந்துரு. இடையில இருக்கிற இரும்பை நம்பாத" என்றார்.

"அதெல்லாம் நான் பார்த்துக்குறேண்ணே. நீங்க போய் கீழாநெல்லியை அரைச்சுக் குடிங்க" என்றேன்.

வேலை முடிகிற சமயத்தில் முதலாளி வந்தார். "டிரைலர் பின்னாடி நம்ம சர்வீஸ் பேரு போர்டு மாட்டப்போறேன்ப்பா. அதுக்கு ஒரு லைட்டு வேணும், தனி சுவிட்சோட. வண்டி நின்னாலும் பேரு தெரியணும்" என்றார்.

முன்வண்டிக்கும் டிரைலருக்கும் நடுவில் மாட்டுகிற பிளக்கில் இருந்ததே ஐந்து முள்தான். ஆறு முள் பிளக் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். தை பிறந்ததும் நல்ல நாளில் வண்டி கிளம்ப வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். 'முடியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஐந்தாவது ஒயரைத் திரும்பி வருவதிலிருந்து பிடுங்கிப் போர்டு லைட்டுக்குக் கொடுத்தேன். டர்ன்டேபிள் தகடைச் சுரண்டி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். இரும்பு மேல் இரும்பு, மேலே இத்தனை டன் கனம் உட்காரப் போகிறது, இதைவிட நல்ல எர்த் உலகத்தில் உண்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லைட்டுகள் எல்லாம் சுடர்விட்டு எரிந்தன. முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ராயப்பண்ணன் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். "டிரைலருக்கு அஞ்சு ஒயரும் போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சுண்ணே" என்றேன். எண்ணிக்கைப்படி அது உண்மை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

டிரைலருக்கு டிரைவராக வந்தவர் வேலுச்சாமி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுவார். இருந்த டிரைவர்களிலேயே சுத்தமான ஆள் என்றுதான் டிரைலரை அவரிடம் கொடுத்தார்கள். மற்ற டிரைவர்கள் வெள்ளிக்கிழமை என்றால் கண்ணாடியில் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்குவதோடு சரி. இவர் விடியற்காலையில் வந்து முன்வண்டியையும் டிரைலரையும் பிரித்துவிடுவார். டர்ன்டேபிளில் இருக்கும் பழைய கிரீஸை வழித்துப் போட்டு, புதுக் கிரீஸை மெழுகுவதைப்போல் கனமாகப் பூசி, மறுபடி பூட்டுவார். அதற்குப் பிறகுதான் குளித்துவிட்டு வந்து சூடம் காட்டுவார். அப்படிச் செய்தால்தான் டர்ன்டேபிள் தேயாது, வண்டி சொன்னபடி திரும்பும். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் தவறவிட்டதில்லை. அதை நான் வாராவாரம் போகிற வழியில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இடுக்கில் கிரீஸ் போனால் எர்த் போச்சு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், கண்ணெதிரே கிரீஸ் பூசுவதைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். மண்டையில் உறைக்கவே இல்லை.

இரண்டு முறை அவர் என்னிடம் வந்து சொன்னார். "ஏனுங்க மேஸ்திரி, பின்னால வர்ற லாரிக்காரங்க டெயில் லைட்டு எரியலைன்னு சொல்றாங்க. செத்த பாத்துக் குடுங்க."

இரண்டு முறையும் வண்டி கேட்டில் திரும்பி உள்ளே வந்து நின்றது. சுவிட்சைப் போட்டேன், எரிந்தது. தட்டினேன், ஆட்டினேன், எரிந்தது. காரணம் இப்போது தெரிகிறது. கேட்டில் வளைந்து திரும்பும்போது தகடும் தகடும் உரசி, கிரீஸைக் கிழித்துக்கொண்டு இரும்பு இரும்பைத் தொடும். நேர் ரோட்டில் குலுங்கிக்கொண்டே போகும்போது கிரீஸ் மறுபடி நடுவில் வந்துவிடும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் போட்ட ஒயரிங் தப்பாக இருக்காது.

"என்னண்ணே, லைட்டு எரியுதான்னு பின்னாடி திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓட்டுறீகளா? சுவிட்சைப் போட்டாத்தான் எரியும், தெரியும்ல?" என்று கேலி செய்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "போட்டுத்தானுங்க ஓட்டறேன்" என்றார்.

அடுத்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் வழக்கம்போல் கிரீஸ் பூசியிருந்தார். ஒரு மில்லுக்கு இரும்பு உத்திரங்களை ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் போயிருக்கிறார். விடிகிற நேரம், நல்ல பனி. சின்னாளப்பட்டி தாண்டி முன் டயரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஓரம் கட்டி, ஹெட்லைட்டை அணைத்து, டெயில் லைட்டு சுவிட்சை மட்டும் போட்டபடி விட்டு இறங்கியிருக்கிறார். கிளீனர் உள்ளே தூக்கம். சைக்கிளில் சேலைக் கட்டோடு வந்த ஒரு நெசவாளி, பனியில் வண்டி நிற்பதே தெரியாமல், பின்னால் நீட்டிக்கொண்டிருந்த உத்திரத்தில் வந்து மோதிவிட்டார். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கால் முட்டி நொறுங்கிப்போயிற்று. தறிக் குழியில் உட்கார்ந்து மிதி மிதிக்கிற கால்.

திங்கட்கிழமை போலீசும் ஒரு வெஹிக்கிள் இன்ஸ்பெக்டரும் வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுவந்தார்கள். அதே கேட், அதே வளைவு. சுவிட்சைப் போட்டதும் டெயில் லைட்டு குங்குமமாக எரிந்தது. ராயப்பண்ணன் தன் பல்பை எடுத்து மாட்டினார். அதுவும் பளிச்சென்று எரிந்தது. சுத்தியால் தட்டினார். அசையவில்லை. ஐந்து ஒயர் இருக்கிறது என்று நான் சொன்னதை நம்பி, பிளக்கைத் திறந்து பார்க்காமல் விட்டுவிட்டார்.

வேலுச்சாமி முகம் வெளிறி நின்றார். "மோதின சத்தம் கேட்டு ஓடிப்போய் நானே பாத்தனுங்க. லைட்டு எரியலைங்க. ஆனா சுவிட்ச் போட்டுத்தானுங்க எறங்கினேன். அந்தப் பதட்டத்துல மறுபடி போய் நாலஞ்சு தடவ தட்டிப் பாத்தேன்" என்றார்.

பேட்டரி இறங்கிவிடும் என்று லைட்டைப் போடாமல் ஓட்டுகிற டிரைவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. இன்ஸ்பெக்டருக்கு அதுதான் தோன்றியிருக்கும். என் பக்கம் திரும்பி, "ஒயரிங்கில் பழுது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை சார். நான் போட்டது. பழுதே இல்லை" என்றேன். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலுச்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். 'உங்களுக்கு நல்லாத் தெரியும், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்' என்பதுபோல் பார்த்தார்.

கோர்ட்டில் அபராதம் போட்டு லைசென்ஸைப் பறித்தார்கள். முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். 'லைட்டைப் போடாமல் ஆளை நொண்டியாக்கியவர்' என்ற பேச்சு பழனி ரோட்டு லாரி ஷெட்டுகள்வரை போய்விட்டது. கிளீனராகக்கூட அவரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

இதுவரை நான் செய்தது முட்டாள்தனம். தெரியாமல் செய்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் செய்த பாவம்.

புதிதாக வந்த டிரைவர் சோம்பேறி. டர்ன்டேபிளுக்கு ஒரு சொட்டுக் கிரீஸ் காட்டவில்லை. காய்ந்த இரும்பு உரசிக்கொண்டே இருந்ததால் டெயில் லைட்டு ஒரு நாளும் அணையவில்லை. "பார்த்தியா, ஆள் மாறினதும் லைட்டு ஒழுங்கா எரியுது" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன். ஆறேழு மாதம் கழித்து டர்ன்டேபிள் வளைவில் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. ராயப்பண்ணன் டிரைவரை ஒரு பார்வை பார்த்து, பிரித்துப் போட்டுக் கனமாகக் கிரீஸ் பூச வைத்தார்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம். என்னையும் டிரைவரையும் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். டிரைலரில் பிரேக் பல்பு ஒன்று மாற்ற வேண்டியிருந்ததால் நான் பின்னால் நின்றேன். மறுபடி பூட்டும்போது தகடுகள் உரசியதில் டெயில் லைட்டு எரிந்துகொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. "அண்ணே, நிழலுக்கு நேரா ஒரு பத்தடி எடுங்க. நிறுத்திட்டு நீங்களும் சாப்பிடப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். வண்டி நேராக நகர்ந்தது. என் கண்ணெதிரே லைட்டு அணைந்தது.

 அடியில் படுத்து, டிரைலர் சட்டத்தில் ஒரு துண்டு ஒயரின் முனையை வைத்து, மறு முனையை முன்வண்டிச் சட்டத்தில் தொட்டேன். லைட்டு எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. இப்படி ஏழெட்டு முறை செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, ஒரு முறையிலேயே புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிரீஸ், சனிக்கிழமை விபத்து. அவர் சுவிட்சைப் போட்டிருந்தார். அவர் ஒழுங்காக வேலை பார்த்ததால்தான் லைட்டு அணைந்தது.

ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் போர்டு லைட்டைக் கழற்றி, ஐந்தாவது ஒயரைத் திரும்பி வருவதற்குப் போட்டு முடித்துவிட்டேன்.  முதலாளி கேட்டபோது போர்டு லைட்டுக்குத் தோதான பல்பு கிடைக்கவில்லை என்றேன்.

மறுநாள் காலை நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ராயப்பண்ணன் வந்தார். டிரைலர் பிளக்கின் மூடி அவர் கையில் இருந்தது. உள்ளே புது ஒயரைப் பார்த்திருக்கிறார். டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"வேணுமா சுப்பையா?"

"எதுக்குண்ணே?" என்றேன்.

அப்படியே நின்றார். நான் உளறிக்கொட்டி முடிக்கட்டும் என்று எப்போதும்போல் நின்றார். நான் அன்றைக்கு உளறவில்லை. போலீசுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். பொய்ச் சாட்சி என்று என்னைப் பிடித்து உள்ளே வைத்தால் வீட்டில் கைக்குழந்தையோடு அவள் என்ன செய்வாள்? இப்படியெல்லாம் நினைத்தேன். பயம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு வயது போய்விட்டது. அதோடு, வருடக்கணக்காகப் பலகையில் ஏறாத பெயர் இந்தத் தப்போடா ஏற வேண்டும் என்ற அற்பத்தனமும் இருந்தது.

அவர் சாக்பீஸைத் திரும்பவும் டப்பாவில் போட்டார். எவனும் அடுத்தவன் பெயரை எழுதக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அதை அவர் மீறவில்லை. மீறியிருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை பலகையைத் துடைத்தபோது, எதுவும் எழுதாமல் கிடந்த கீழ்ப்பாதியையும் சேர்த்துத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் வேலையை விட்டுப் போகும்வரை, நான் முடித்த ஒவ்வொரு வண்டியையும் பிளக்கைத் திறந்து அவரே பார்ப்பார். மற்றவர்கள் வேலையை அப்படிப் பார்க்க மாட்டார்.

ஐந்தாறு வருடம் கழித்துக் கொடைரோடு ஸ்டேஷனில் வேலுச்சாமியைப் பார்த்தேன். மலையிலிருந்து வரும் பழக்கூடைகளைத் தலைச்சுமையாக ரயிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. நான் மெல்ல நழுவப் பார்த்தேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"ஏனுங்க மேஸ்திரி, நல்லா இருக்கீங்களா?" என்று சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தார். வற்புறுத்தி டீக்கடைக்குக் கூட்டிப்போனார். என் குழந்தையைப் பற்றிக் கேட்டார், ராயப்பண்ணனைப் பற்றிக் கேட்டார். டர்ன்டேபிளுக்கு ஒழுங்காகக் கிரீஸ் போடுகிறார்களா என்று கேட்டார். 

"லைசென்சை மறுபடி வாங்கிருக்கலாமேண்ணே?" என்றேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

"ஒருத்தர் வாங்கித் தரேன்னுகூடச் சொன்னாருங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல எல்லாம் சுவிட்ச் போட்டேன்னுதான் அடிச்சுச் சொல்லிட்டிருந்தேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, மோதின பொறவு தட்டினது நல்லா ஞாபகம் இருக்குது, முந்தி போட்டது ஞாபகம் இல்லீங்க. நீங்க அத்தனை பேர் முன்னால பழுதே இல்லைன்னு சொன்னீங்க. நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க? நாந்தான் மறந்திருக்கோணும். மறதிக்காரன் கையில வண்டி இருக்கக் கூடாதுங்க."

வாயைத் திறந்தேன். ஆண்டவன் சத்தியமாகத் திறந்தேன். திறந்த வாயில் டீயைத்தான் ஊற்றிக்கொண்டேன்.

"வருசத்துக்கு ஒருக்கா சின்னாளப்பட்டி போயி அந்த நெசவுக்காரரைப் பாத்துப்போட்டு வாரனுங்க. நாலு பழம் வாங்கிட்டுப் போவேன். மொத தடவை மூஞ்சியவே பாக்கலை. இப்ப உக்காரச் சொல்றாரு" என்றார்.

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொன்னது என்ன தெரியுமா? "பழசை விடுங்கண்ணே" என்றேன். ரயில் வந்தது. அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று கிளம்பினார். அடுத்த மாதம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதே ஸ்டேஷனுக்குப் போனேன். ஆள் இல்லை. நெஞ்சு வலி வந்து ஊருக்குப் போனவர், போன இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கூடவே சுமை தூக்கியவர் சொன்னார். தன்னை மறதிக்காரன் என்று நம்பிக்கொண்டே செத்திருக்கிறார்.

செல்வம், உங்கள் டிரைலரில் பிளக்கைத் திறந்து திரும்பி வருகிற ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். ஆண்டு மலரில் இடம் போதாது என்றால் இந்தக் கட்டுரையை எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் நான்கு வரியை மட்டும் தொடாதீர்கள். மலரில் ஒரு பிரதியை ஒட்டன்சத்திரம் பக்கம் அவர் பிள்ளைகள் இருந்தால் தேடிக் கொடுங்கள். இன்னொன்றைச் சின்னாளப்பட்டியில் அந்த நெசவாளி வீட்டில்.

வண்டி: டிரைலர்.

தப்பு: ஐந்தாவது ஒயரைத் திரும்பி வருவதற்கு விடாமல், டர்ன்டேபிளை எர்த்தாக நம்பியது. தெரிந்த பிறகும் சொல்லாதது.

செய்தவன்: சுப்பையா.

டிரைவர் வேலுச்சாமி சுவிட்சைப் போட்டிருந்தார்.